பூஜ்யத்துக்குக் கீழே பதினொரு டிகிரி

பூங்கொடியால் ஒரு நாற்காலியில் சேர்ந்தாற்போல் பதினைந்து நிமிடம் உட்கார முடியாது. கல்யாணமான மூன்றாம் நாளே மோகன் இதைக் கண்டுபிடித்துவிட்டான். செய்யூர் பக்கத்தில் அவள் அம்மா வீட்டில் விருந்து. இலையில் பாயசம் விழுவதற்குள் இரண்டு தடவை எழுந்து வாசலுக்குப் போய், திரும்பிப் போகிற பஸ் எத்தனை மணிக்கு என்று விசாரித்துவிட்டு வந்தாள். பஸ்ஸுக்கு இன்னும் நான்கு மணி நேரம் இருந்தது.

இப்படிப்பட்டவளுக்கென்றே அளவெடுத்துத் தைத்த மாதிரி ஒரு வேலை உலகத்தில் இருக்கிறது. சிப்புக்குள் ஓடுகிற சேதி நேரத்துக்குப் போய்ச் சேருகிறதா என்று பார்க்கும் வேலை. டைமிங் என்பார்கள். சிப் என்றால் லட்சக்கணக்கான குட்டிக் கதவுகள் என்று வைத்துக்கொள்ளலாம். ஒன்று திறந்தால்தான் அடுத்தது திறக்கும். உள்ளே ஒரு கடிகாரம் தட்டிக்கொண்டே இருக்கும். அடுத்த தட்டு விழுவதற்குள் சேதி கடைசிக் கதவைத் தாண்டியிருக்க வேண்டும். தாண்டவில்லையென்றால் சிப் தப்பாகக் கணக்குப் போடும், அல்லது விழிக்கவே விழிக்காது. அடித்து வெளியே வந்த சிப்பைத் திருத்த முடியாது. திருமணப் பத்திரிகையில் மாப்பிள்ளை பெயர் மாறிப்போனாலாவது பேனாவால் அடித்து எழுதலாம்.

ஒரு கதவு திறக்க எவ்வளவு நேரம் ஆகும் என்பது கம்ப்யூட்டருக்குத் தானாகத் தெரியாது. அதைச் சொல்லிக்கொடுக்கிற கோப்புக்கு லைப்ரரி என்று பெயர். புத்தகமும் இல்லாத, தூங்குகிற ஊழியரும் இல்லாத லைப்ரரி. அதில் இரண்டு தினுசு. ஒன்று டேபிள் மாடல், அதாவது வாய்ப்பாடு. இத்தனை சுமை, இத்தனை வேகம் என்று கொடுத்தால் கட்டத்தில் விரல் வைத்து நேரத்தைச் சொல்லிவிடும். செங்கல்பட்டு பஸ் நிலையத்தில் ‘திருப்போரூர், ஐம்பது நிமிடம்’ என்று எழுதி வைத்திருப்பதைப் போல. இன்னொன்று கரண்ட் மாடல். அது அதே பஸ்ஸில் முன்சீட்டில் உட்கார்ந்து வந்த ஆளைப் பிடித்துக் கேட்கிற மாதிரி. எந்த வளைவில் டிரைவர் மெதுவாக்கினார், எங்கே மாடு குறுக்கே வந்தது, எங்கே ஏறிய கூட்டம் இறங்கவே இல்லை என்று முழுக் கதையும் வரும். கோப்பும் பெரிசு, கேட்டு முடிக்கிற நேரமும் அதிகம். சாலை நன்றாக இருக்கிற நாளில் இரண்டும் ஒரே பதிலைத்தான் சொல்லும். மின்னழுத்தத்தைக் குறைத்துவிட்டால் வாய்ப்பாடு மெல்லப் பொய் சொல்லத் தொடங்கும். அதன் முகத்தைப் பார்த்து அதைக் கண்டுபிடிக்க முடியாது.

இரண்டில் எதை நம்புவது என்று தீர்மானித்து, தாளில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டியவள் பூங்கொடி. வயது முப்பத்தெட்டு.

இதற்கு முன்னால் ஒரு தடவை போட்டிருக்கிறாள். சென்னையில் ஒரு பெரிய கம்பெனி, பெயர் வேண்டாம். லைப்ரரி பழைய பதிப்பாக இருக்கிறதே என்று இரண்டு தடவை கேட்டாள். வாயால் கேட்டாள், மெயிலில் கேட்கவில்லை. “அதெல்லாம் பாத்துக்கலாம், போடுங்க” என்றார்கள். போட்டாள். ஆறு மாதம் கழித்துச் சிப் வந்தது. நூற்றுக்கு முப்பத்துநான்கு விழிக்கவில்லை. விசாரணை அறையில் திரையில் பெரிதாக ஒரு தாளைக் காட்டினார்கள். அவள் கையெழுத்து அவ்வளவு அழகாக இருக்கும் என்று அன்றைக்குத்தான் அவளுக்கே தெரிந்தது. பார்த்துக்கலாம் என்று சொன்னவர்கள் யாருடைய கையெழுத்தும் அதில் இல்லை.

அதற்குப் பிறகு இரண்டரை வருஷம் நெடுஞ்சாலை ஓரத்து இன்ஜினியரிங் காலேஜ் ஒன்றில் பாடம் நடத்தினாள். நடந்துகொண்டே இருக்கலாம் என்பதால் அந்த வேலை பிடித்திருந்தது. மாணவர்கள் வருவதை நிறுத்தியதும் காலேஜும் நின்றது. அப்போதுதான் ஹரிசங்கர் கூப்பிட்டார். திருக்கழுக்குன்றத்துக் கோயில் தெருவில் பிறந்து, வெளிநாட்டில் பதினொரு வருஷம் இருந்துவிட்டு வந்து, திருப்போரூரில் இருபது பேரை வைத்துச் சிப் கம்பெனி நடத்துகிறவர். “ஒரு தடவை அடி வாங்கினவங்கதான் எனக்கு வேணும்” என்று இன்டர்வியூவில் சொன்னார். இரண்டாவது தடவை அடி வாங்கினவர்கள் வேண்டும் என்று உலகத்தில் யாரும் சொல்லப்போவதில்லை என்பது பூங்கொடிக்குத் தெரியும்.

கம்பெனி முதல் மாடியில். கீழே வீட்டுமனை விற்கிற அலுவலகம். அங்கேயும் ஒரு டைமிங் மாடல் உண்டு. எல்லா மனையும் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஐந்தே நிமிடம். எந்த வண்டியில், எந்த வேகத்தில் என்று கேட்பவருக்கு மோர் கொடுத்து உட்கார வைப்பார்கள்.

இந்தத் தடவை சிப், மீன் பெட்டிக்கு. ஐஸ் பெட்டிக்குள் மீனோடு மீனாகக் கிடந்து, ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை டிகிரி பார்த்து எழுதி வைக்க வேண்டும். கரையில் ஏற்றியதிலிருந்து வாங்குகிறவர் கைக்குப் போகிறவரை எங்கே குளிர் குறைந்தது என்று அது சாட்சி சொல்லும். பேட்டரி இரண்டு வருஷம் வர வேண்டும் என்பதால் மின்னழுத்தம் மிகவும் குறைவு. சோதனைக்கு மாமல்லபுரத்தில் செங்கம்மாள் என்கிற மீன் வியாபாரியின் பெட்டிகளைப் பேசி வைத்திருந்தார்கள். பேசி வைத்தது மோகன்தான். செங்கம்மாளின் பெட்டிகளைத் தினமும் செங்கல்பட்டுக்கு ஏற்றிப் போவது அவனுடைய குட்டி யானை வண்டி.

வடிவத்தைத் தொழிற்சாலைக்கு அனுப்பக் கடைசி நாள் சனிக்கிழமை மத்தியானம் பன்னிரண்டு. பல கம்பெனிகளின் வடிவங்களைச் சேர்த்து ஒரே தகட்டில் அடித்துக் கொடுப்பார்கள். ஷட்டில் என்று பெயர், ஷேர் ஆட்டோ மாதிரி. ஏறினால் ஏறலாம், இல்லையென்றால் அடுத்தது மூன்று மாதம் கழித்து. யாருக்காகவும் நிற்காது.

திங்கட்கிழமை மீட்டிங். மே மாதம், அக்னி நட்சத்திரம். அறையில் ஏ.சி. காற்றைத் தவிர மற்ற எல்லாவற்றையும் கொட்டிக்கொண்டிருந்தது. கீழே ஒரு பிளாஸ்டிக் வாளி.

“நூத்தி இருவத்தஞ்சு டிகிரில ஓட்டிட்டீங்கல்ல பூங்கொடி? டேபிள் மாடல்ல?” என்றார் ஹரிசங்கர்.

“ஓட்டியாச்சு சார்.”

“பாஸ்தானே?”

“பாஸ்தான். ஆனா இந்த வோல்டேஜுக்கு அது சரியான கார்னர் இல்ல, ரொம்ப மோசமான நெலம அது இல்ல. வோல்டேஜ் இவ்ளோ இறங்கினா சூட்டுல மெதுவாகாது, குளிர்லதான் மெதுவாகும்.”

“தெரியும், தெரியும். நானும் படிச்சவன்தான்.” கைக்குட்டையால் பிடரியைத் துடைத்துக்கொண்டார். “வெளில பாத்தீங்களா? கீழ பிளாட் காட்டக் கூட்டிட்டுப் போன ரெண்டு பேரு மயங்கி விழுந்துட்டாங்களாம். நீங்க குளிருங்கறீங்க.”

அறையில் இருந்த ஐந்து பேருக்கும் அந்தப் பாடம் தெரியும். பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறார்கள். ஆனால் செங்கல்பட்டு மாவட்டத்தில் மே மாதத்தில் முதுகில் சட்டை ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற ஒருவனிடம், மெதுவாவதற்குக் காரணம் குளிர் என்று சொன்னால் மூளை ஒத்துக்கொள்ளும், முதுகு ஒத்துக்கொள்ளாது. ‘சூட்டில் பாஸ் ஆனால் போதும்’ என்று அறையில் எல்லோருக்கும் தோன்றியதில் முதுகின் பங்கு பெரிது. நார்வேயில் இந்தத் தப்பு நடந்திருக்காது. அங்கே வேறு தப்பு நடக்கும்.

“ஐஸ்லதானே சார் கிடக்கப் போவுது?” என்றாள் பூங்கொடி.

சிப்புக்குள் எந்தக் கதவு எங்கே என்று லேஅவுட் போடுகிற சதாசிவம் சமாதானத்துக்கு வந்தார். மனைவிக்கு அணுமின் நிலையத்தில் வேலை. அணுபுரம் குவார்ட்டர்ஸிலிருந்து தினமும் டிபன் கேரியரோடு வருகிறவர். “சரி, ஐஸ்னா பூஜ்யம். நாலாங் கிளாஸ் கேள்வி. பூஜ்யம் டிகிரிக்கு டேபிள் லைப்ரரி நம்ம கிட்ட இருக்கு. அதுல ஓட்டுவோம். பாஸானா எல்லாருக்கும் நிம்மதி.”

“மைனஸ் நாப்பதுக்கும் இருக்கு. அது கரண்ட் மாடல்.”

“அது கார் கம்பெனிக்காரனுக்குக் குடுக்கறது. நம்ம மீனு காஷ்மீருக்கா போவுது?”

எல்லோரும் சிரித்தார்கள். பூங்கொடியும் சிரித்தாள். பூஜ்யத்தில் ஓட்டினாள். நாற்பது நிமிடத்தில் முடிந்தது. பாஸ். மிச்சம் எவ்வளவு என்று பார்த்தாள். ஒரு நொடியை லட்சம் கோடித் துண்டாக நறுக்கினால் அதில் எட்டுத் துண்டு.

தாளில் லைப்ரரி என்ற இடத்தில் ‘டேபிள்’ என்றும், வெப்பநிலை என்ற இடத்தில் ‘0’ என்றும் எழுதினாள். கையெழுத்துக்கு வந்ததும் பேனாவை மூடிப் பையில் போட்டுக்கொண்டு, தாளையும் மடித்து வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள். எட்டுத் துண்டு தப்பில்லை. பாஸ் என்றால் பாஸ்தான். ஆனால் ஐஸ் பூஜ்யம் என்று சொன்னது நாலாங் கிளாஸ் புத்தகம். அந்தப் பெட்டிக்குள் யாரும் கையை விட்டுப் பார்க்கவில்லை.

மறுநாள் காலை எட்டு மணி. செங்கல்பட்டுக்குப் போய்விட்டு வந்த மோகன் வாசலில் குட்டி யானையைக் கழுவிக்கொண்டிருந்தான்.

“இன்னா, தெருமுனைக்கும் கேட்டுக்கும் நடந்துகினே கீற? நாஸ்தா துன்னியா இல்லியா?”

“ஐஸு பூஜ்யம்தானே?”

“இன்னாது?”

“ஐஸு எத்தன டிகிரிங்க?”

“அத்தப் போயி என்னக் கேக்கற? படிச்சவ நீ.” ஹோஸை மறுகைக்கு மாற்றினான். “டிகிரிலாம் எனக்குத் தெரியாது. செங்கம்மா பொட்டிய ஈரக்கையால தொட்டா கை ஒட்டிக்கும். கடைல விக்கற ஐஸு அப்டி ஒட்டாது. இது உப்பு போட்ட ஐஸு.”

பூங்கொடி நின்றாள். “உப்பா?”

“பின்ன? இந்தத் தகடு ஏன் இப்டி அரிச்சிப் போயி கீதுன்னு நெனச்ச? பாரு, விரலு உள்ள போவுது. உப்புத்தண்ணி ஊத்தி ஊத்தி என் வண்டியே பேஜாராப் பூட்ச்சி.”

“இத்த ஏன் எங்கிட்ட நீங்க சொல்லவே இல்ல?”

“சொல்லலியா? ரெண்டு வருசமா இதே எடத்துல நின்னு கத்திகினு கீறேன். நீ ‘ம்’ கொட்டிகினே உள்ள போயிடுவ.”

அது உண்மை. பூங்கொடி தன் வீட்டு வாசலில் இரண்டு வருஷமாக இலவசமாக ஒலிபரப்பான தகவலைத் தேடி, முந்தின ராத்திரி ஐஸ் பெட்டி செய்கிற வெளிநாட்டுக் கம்பெனிக்கு மூன்று மெயில் போட்டிருந்தாள்.

புதன்கிழமை விடியற்காலையில் அலுவலகத்துத் தெர்மாமீட்டரைப் பையில் போட்டுக்கொண்டு வண்டியில் ஏறினாள். நீளமான ஒயரின் நுனியில் ஊசி மாதிரி இருக்கும் ரகம். திருக்கழுக்குன்றத்தைச் சுற்றிக்கொண்டு போகலாமா, கோவளம் வழியாகப் போகலாமா என்று மூன்று தடவை கேட்டாள். மோகன் ரேடியோவைப் போட்டான்.

மாமல்லபுரம் குப்பத்துக் கரையில் தடைக்காலத்து மந்தம். பெரிய படகு போகக் கூடாது. ஃபைபர் போட்டுகள் மட்டும் போய்விட்டு வந்திருந்தன. குறைந்த மீன், கூடுதல் சத்தம். செங்கம்மாள் ஹெல்மெட்டைக் கழற்றாமலேயே ஏலம் பேசி முடித்து, வஞ்சிரத்தைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். நாற்பத்தைந்து வயது, ஸ்கூட்டர், இரண்டு செல்போன். பூங்கொடி ஊசியைப் பெட்டிக்குள் சொருகியதைப் பார்த்தாள்.

“இன்னாம்மா, மீனுக்கு ஜுரமா?”

“உள்ள எவ்ளோ குளிருன்னு பாக்கறேன்க்கா.”

“நல்லாப் பாரு. மாத்திரை ஏதாவது எழுதிக் குடுத்துட்டுப் போ.” மோகனிடம் திரும்பினாள். “இன்னா மோகனு, உன் சம்சாரம் டாக்டரா? சொல்லவே இல்ல?”

“அதவிடப் பெரிய படிப்புக்கா. அதுக்குதான் இன்னா பேருன்னு எனக்கே தெரியாது.”

செங்கம்மாள் ஒரு அடுக்கு ஐஸ் கொட்டினாள். பூஜ்யம். நாலாங் கிளாஸ் புத்தகம் ஜெயித்தது. பிறகு பக்கத்தில் இருந்த சாக்கிலிருந்து செய்யூர் உப்பளத்துக் கல்லுப்பைக் கையால் அள்ளி மேலே வீசினாள். மறுபடி ஒரு கை. மறுபடி. மறுபடி. மேலே இன்னொரு அடுக்கு ஐஸ். மூடி போட்டு, அதன் மேலேயே ஏறி உட்கார்ந்துகொண்டு போனில் யாரையோ திட்டத் தொடங்கினாள்.

தெர்மாமீட்டரில் எண் இறங்கியது. மைனஸ் மூன்று. மைனஸ் ஆறு. பூங்கொடி ஈரமணலில் இந்தப் பக்கம் பத்தடி, அந்தப் பக்கம் பத்தடி நடந்தாள். மைனஸ் ஒன்பது. மோகன் டீ வாங்கி வந்து கொடுத்தான், கையில் பிடித்துக்கொண்டே நடந்தாள், ஆறிப்போனது. மைனஸ் பதினொன்று புள்ளி நாலில் எண் நின்றது.

“அக்கா, எப்பவுமே நாலு கை உப்புதானா?”

“எப்பவும்னு இன்னா கீது. வெயிலப் பாத்துதான். மார்கழில போடவே மாட்டேன். பங்குனினா ரெண்டு கை. இப்ப கத்திரி கொளுத்துது, நாலு கை. இன்னும் கொளுத்துச்சுன்னா அஞ்சு.”

வெயில் ஏற ஏறப் பெட்டிக்குள் குளிர் ஏறும். வருஷத்திலேயே எந்த நாளில் ஹரிசங்கரின் முதுகில் அதிகம் வேர்க்கிறதோ, அந்த நாளில்தான் சிப்புக்கு அதிகம் குளிரும். பூங்கொடிக்குச் சிரிப்பு வந்தது.

“இப்டி உப்பு போட்டா வாங்கறவரு ஒண்ணும் சொல்றதில்லியா?”

“யாரு, ஆபிரகாமா? எக்ஸ்போர்ட்டு ஏஜெண்டு. உப்பு போடலன்னா ‘வழில சூடாயிடுச்சி, மீனு மெத்துன்னு கீது’ம்பான். நீ குடுக்கப்போற மிசினு அவன் மூஞ்சில காட்டத்தாம்மா. சூடாவலன்னு அது சொல்லணும். சொல்லுமா?”

“சொல்லும்க்கா” என்றாள் பூங்கொடி. சொல்லிவிட்டு, சொல்லியிருக்கக் கூடாது என்று வண்டியில் திரும்பி வருகிற வழியெல்லாம் நினைத்தாள்.

ஹரிசங்கர் பொறுமையாகத்தான் கேட்டார். “சரி. உப்பு போடக் கூடாதுன்னு மேனுவல்ல எழுதிடலாம்.”

“சார், அந்தம்மா ஐஸ் பெட்டி மூடியில ‘மேலே உட்காரக் கூடாது’ன்னு எழுதியிருக்கு. அதும் மேல உட்கார்ந்துதான் போன் பேசினாங்க.”

“பூங்கொடி, இன்னைக்கு புதன். சனிக்கிழமை ஷட்டில். போட்டு அனுப்பிடலாம்னு திங்கட்கிழமை எல்லாரும் ஒத்துகிட்டோம்.”

“ஒத்துகிட்டது அஞ்சு பேரு சார். கையெழுத்து ஒண்ணு.”

இதை மெதுவாகத்தான் சொன்னாள். ஹரிசங்கர் காலால் வாளியை ஏ.சி.க்கு நேரே தள்ளி வைத்தார். பிறகு, “ஓட்டிப் பாருங்க. ஓட்டறதுக்கு நான் வேணாம்னு சொல்லல” என்றார். ஓட்டுவதில் யாருக்கும் ஆட்சேபணை இல்லை. ஓடிப் போய் அது கொண்டுவரப்போகிற சேதிதான் பயம்.

மைனஸ் நாற்பது, கரண்ட் மாடல். வியாழக்கிழமை காலை எட்டுக்குத் தொடங்கி ஆறரை மணி நேரம் ஓடியது. பூங்கொடி மாடிப்படி இறங்கினாள், ஏறினாள். கீழே மனைக்காரர்கள் வாடிக்கையாளர் என்று நினைத்து மூன்றாவது தடவையும் மோர் கொடுத்தார்கள். முருகன் கோயில் குளத்தை ஒரு சுற்றுச் சுற்றினாள். அர்ச்சனைத் தட்டு விற்ற பெண், “வேண்டுதலா?” என்று கேட்டாள். “லைப்ரரி” என்றாள் பூங்கொடி.

இரண்டரை மணிக்கு முடிவு வந்தது. முன்னூற்றுப் பன்னிரண்டு இடத்தில் ஃபெயில்.

வாய்ப்பாடு எட்டுத் துண்டு மிச்சம் காட்டிய அதே வழிகளில் சேதி கடிகாரத்தின் அடுத்த தட்டு விழுந்த பிறகுதான் வந்து சேர்ந்தது. பஸ் போன பிறகு ஓடி வருகிற பயணி மாதிரி. அப்படித் தாமதமாக வந்தவை முன்னூற்று மூன்று. மிச்சம் ஒன்பது வேறு ரகம். அவை முன்னாலேயே வந்து, முந்தின சேதி இறங்குவதற்குள் அதன் சீட்டில் உட்கார்ந்துகொண்டன.

“மைனஸ் நாப்பதுங்கறது ஓவர்” என்றார் ஹரிசங்கர். “உங்க மீனு பதினொண்ணுதானே?”

“பதினொண்ணுக்குன்னு லைப்ரரி யாரும் செஞ்சு வைக்கல சார். பூஜ்யம் இருக்கு, நாப்பது இருக்கு. நடுவுல நாம இருக்கோம். எந்தப் பக்கம் சாயறதுன்னுதான் கேள்வி.”

“வோல்டேஜ ஏத்தினா?”

“பேட்டரி ஒரு வருஷத்துல போயிடும்.”

“அப்போ மூணு மாசம் தள்ளிப் போகணும். பணம் போட்டவங்ககிட்ட உப்புக் கதை சொல்லணும்.” அவர் கெட்ட மனிதர் இல்லை. இருபது பேருக்கும் மாதம் முதல் தேதி தவறியதில்லை. அதற்காகவே வாய்ப்பாட்டை நம்ப விரும்பினார். நம்ப விரும்புகிறவருக்கு வாய்ப்பாடு துரோகம் செய்வதில்லை, தொழிற்சாலையிலிருந்து சிப் வருகிற வரை.

பூங்கொடி சன்னலுக்கும் கதவுக்கும் இடையே நடந்தாள். நான்காவது தடவை திரும்பும்போது, “இந்தக் கடிகாரம் நொடிக்கு நாலு கோடி தட்டுன்னு யாரு சார் வச்சா?” என்றாள்.

ஹரிசங்கர் சதாசிவத்தைப் பார்த்தார். சதாசிவம் வாளியைப் பார்த்தார்.

“ஸ்பெக்ல இருக்கே” என்றார் சதாசிவம்.

“ஸ்பெக்ல எப்படி வந்துச்சு?”

தேடினார்கள். ஸ்பெக் என்கிற வரையறைத் தாளுக்கு ஒரு ஸ்லைடிலிருந்து வந்திருந்தது. ஸ்லைடுக்கு ஹரிசங்கரிடமிருந்து வந்திருந்தது. போட்டிக் கம்பெனியின் சிப் ஒரு கோடி தட்டியதால், பணம் போடுகிறவர்களிடம் ‘நான்கு மடங்கு வேகம்’ என்று சொல்ல வசதியாக நாலு கோடி.

“அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவ டிகிரி பாக்கற சிப்பு சார் இது. மீனு எங்கியும் ஓடல. செத்துப்போச்சு.”

“பாதியாக்கற வசதி உள்ள இருக்கு” என்றார் சதாசிவம் மெதுவாக. “ஆரம்பத்துலயே ரெண்டு கோடில வச்சுட்டா லேட்டா வர்ற முன்னூத்தி மூணும் நேரத்துக்கு வந்துடும். சீக்கிரமா வர்ற ஒம்போதுதான் கடிகாரத்துக்கு அடங்காது. அதுங்க வழில சும்மா நிக்கற செல்லு, அதான் வெத்துக் கதவு, நாலஞ்சு வைக்கணும். கையால. நாளைக்கு முழுக்க ஆகும்.”

“பிரவுச்சர் அடிச்சாச்சே” என்றார் ஹரிசங்கர்.

“என் ஸ்கூட்டர் மீட்டர்ல நூத்தி இருவது வரைக்கும் போட்டிருக்கு சார். அணுபுரம் வர்றதுக்குள்ள நான் அறுபத தாண்டினதில்ல. யாராவது கேஸ் போட்டாங்களா?”

ஹரிசங்கர் யோசித்தார். ‘நான்கு மடங்கு’ என்பதன் தலையில் ஒரு நட்சத்திரக் குறி போட்டு, அடியில் பொடி எழுத்தில் ‘சூழ்நிலைக்கு உட்பட்டது’ என்று சேர்க்கலாம் என்ற முடிவுக்கு வந்தபோது அவர் முகத்தில் இரண்டு நாளில் முதல் தடவையாக ரத்தம் ஓடியது.

சதாசிவம் வெள்ளிக்கிழமை முழுவதும் ஒன்பது இடத்திலும் சும்மா நிற்கிற செல்களைச் சொருகினார். “சம்பளம் வாங்கிட்டு சும்மா நிக்கறதுக்கு சிப்புக்குள்ளயும் ஆளு தேவப்படுது பாரு” என்று முணுமுணுத்தார். ஒன்றைச் சரிசெய்தால் பக்கத்தில் ஒன்று முளைத்தது. பூங்கொடி அவருடைய நாற்காலிக்குப் பின்னால் நடந்த நடையில், “அம்மா, தலை சுத்துது, கொஞ்சம் அந்தப் பக்கம் நடங்க” என்று கெஞ்சினார்.

கடைசி ஓட்டம் சனிக்கிழமை பத்தே முக்கால் மணிக்கு முடிந்தது. ஃபெயில் பூஜ்யம்.

பழைய தாளைக் கிழித்துவிட்டுப் புதிது எடுத்தாள். லைப்ரரி: கரண்ட் மாடல். வெப்பநிலை: மைனஸ் 40. கடிகாரம்: பாதி. குறிப்பு என்று ஒரு இடம் எப்போதும் காலியாகவே போகும். அதில் எழுதினாள்: ‘மீன் பெட்டியில் நேரில் அளந்தது மைனஸ் 11.4. அக்னி நட்சத்திரத்தில் உப்பு நான்கு கை, ஐந்தும் ஆகலாம்.’ கீழே கையெழுத்துப் போட்டாள். இந்தத் தடவை அதைப் படம் எடுத்து, அறையில் இருந்த எல்லோருக்கும் மெயிலில் அனுப்பினாள். ஹரிசங்கர் படித்துப் பார்க்காமல் மேலொப்பம் இட்டார். பதினொன்றே காலுக்கு வடிவம் போய்ச் சேர்ந்தது.

சிப் வர நான்கரை மாதம். அந்த நான்கரை மாதத்தில் பூங்கொடி நடந்த தூரத்தைச் சேர்த்து வைத்தால் கன்னியாகுமரி போய்த் திரும்பியிருக்கலாம். அந்தச் சிப்பை உள்ளே வைத்து ஐம்பது டேக் தயாராகி, சோதனைக்கு முதல் பெட்டியை மூடியபோது அக்டோபர் மத்தி. மழை இன்னும் பிடிக்காத புழுக்கம். செங்கம்மாளிடம் ஐந்து கை உப்பு போடச் சொன்னாள் பூங்கொடி. “எதுக்கும்மா, கத்திரி முடிஞ்சி நாலு மாசம் ஆவுதே?” என்று திட்டிக்கொண்டே அவள் போட்டாள். மைனஸ் பதிமூன்று வரை போனது. அன்று சாயங்காலத்துக்குள் ஐம்பதையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தார்கள். ஐம்பதும் உயிரோடு இருந்து, ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை டிகிரி சொல்லிக்கொண்டிருந்தன.

பூங்கொடி மணலில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். மோகன் பயந்துபோய்த் தண்ணீர் வாங்க ஓடினான்.

கதை இங்கே நின்றிருந்தால் ஹரிசங்கருக்கும் நன்றாக இருந்திருக்கும். மூன்று வாரம் கழித்துச் செங்கம்மாள், டேக் எழுதி வைத்ததை ஏஜெண்ட் ஆபிரகாமின் மூஞ்சியில் காட்டினாள். அவர் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார். “மைனஸ் பதிமூணா? அடிப்பாவி, அதான் சதை நூல்நூலாப் போவுது! மீன உறைய வச்சிட்டு ஐஸ்ல வச்சேன்னு சொல்லிகினு கீறியா? இனிமே உப்பு போட்டா எடுக்க மாட்டேன்” என்றார். அன்றோடு உப்பு நின்றது. பெட்டிக்குள் இனி வருஷம் முழுக்க அசல் பூஜ்யம்.

ஹரிசங்கர் பூங்கொடியை அழைத்தார். ஏ.சி. சரியாகியிருந்தது.

“கடைசில பூஜ்யம்தான்னு ஆயிடுச்சு பாத்தீங்களா? அன்னைக்கே அந்த டேபிள் மாடல்ல போட்டிருந்தா நாலு கோடியும் இருந்திருக்கும், நட்சத்திரமும் வேண்டியதில்ல.”

“மைனஸ் பதிமூணுன்னு ஆபிரகாமுக்கு யாரு சார் சொன்னது?”

“டேக்குதான்.”

“பூஜ்யத்துல போட்டிருந்தா அது மைனஸ் பதிமூணுல செத்துருக்கும். செத்தது எங்க போய் சொல்லும்?”

ஹரிசங்கர் மேசை இழுப்பறையிலிருந்து அடுத்த சிப்புக்கான தாளை எடுத்து அவள் பக்கம் தள்ளினார். கையெழுத்து என்ற இடத்துக்குக் கீழே அவள் பெயர் அச்சாகியிருந்தது. லைப்ரரி என்ற இடம் காலியாக இருந்தது. அவள் இஷ்டத்துக்கு விட்டார் என்று பூங்கொடி எடுத்துக்கொண்டாள். நிரப்ப மறந்திருப்பார் என்பது சதாசிவத்தின் கட்சி.